செடி வேலையும் ஒரு உத்தியோகந்தானுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடை புதுசுங்க. குழுக் கூட்டத்துல சேமிப்புக் கணக்கு வாசிச்சிருக்கிறேன், அவ்வளவுதான். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கிறேன். எங்க ஊரு காரமடைக்கு மேக்கே. வீட்டுக்காரர் தறிக்குப் போறாருங்க. ரெண்டு பொண்ணுங்க. நான் வீட்டு வேலை முடிச்சுட்டு, வேலை கிடைக்கிற அன்னைக்குக் காட்டு வேலைக்குப் போறவ. "செடி கொடிகளை வெச்சு எதிர்காலத்துல என்ன தொழில் பண்ணலாம், அதைப் பத்திப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. நாலு இடத்துல கேட்டு விசாரிச்சு, பாத்ததையும் கேட்டதையும் உங்ககிட்டச் சொல்றேன்.

எங்க ஊட்டுல நடக்கிற ஒரு பேச்சைத்தான் முதல்ல சொல்லோணும். பெரிய பொண்ணு இப்பப் பத்தாவது படிக்கிறா. "நான் அக்ரி படிக்கப் போறேன்"ங்கறா. அதைக் கேட்டதும் எங்க மாமியார், "காட்டு வேலைக்குப் போறதுக்கு எதுக்கு அம்மிணி காலேஜு? எங்கூட வா, நாளைக்கே சொல்லித் தர்றேன்"னு சிரிச்சாங்க. அவங்க சொன்னதுல தப்பு இல்லைங்க. அவங்க பாத்த காட்டு வேலை அப்படி. வெயில்ல குனிஞ்சு களை எடுத்து, சாயங்காலம் கூலியை வாங்கி முந்தானையில முடிஞ்சுட்டு வர்றதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச செடி வேலை. நம்ம பொண்ணும் அதுக்குள்ளேயே போயிடுவாளோங்கற பயம் நமக்கும் இருக்குது.

ஆனா ஒன்னு யோசிச்சுப் பாருங்க. நாத்து எடுத்துக் குடுக்கிறவங்களுக்கும் கூலி, நடறவங்களுக்கும் கூலி. அந்த நாத்தை விதைச்சு, இருபத்தஞ்சு நாள் பாத்து, வண்டியில ஏத்தி விக்கிறவங்களுக்கு மட்டும் அது தொழில். அந்த நாத்துக்கு நோவு வந்தா வந்து பாத்துச் சொல்றவங்களுக்கு அது உத்தியோகம். எல்லாரும் தொடறது ஒரே செடியைத்தான். வித்தியாசம் எங்க இருக்குதுன்னா, ஒருத்தங்களுக்குக் கைக்குச் சம்பளம், இன்னொருத்தங்களுக்குத் தெரிஞ்ச விசயத்துக்குச் சம்பளம். நமக்கும் விசயம் தெரியும். ஆனா அதுக்கு இதுவரைக்கும் யாரும் சம்பளம் குடுக்கல, நாமளும் கேக்கல. நான் இன்னைக்குப் பேச வந்தது இதுதானுங்க.

நம்ம கோயமுத்தூர் இந்த விசயத்துல சாதாரண ஊரு இல்லைங்க. சென்னை சைதாப்பேட்டையில இருந்த விவசாயக் கல்லூரியை 1906-ல இங்க மாத்துனாங்க. அதுதான் வளர்ந்து 1971-ல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆச்சு. நாம மருதமலை பஸ்ஸுல போகும்போது சன்னல் வழியாப் பாக்கற அதே இடந்தான். கரும்பு இனப்பெருக்க நிறுவனம் வீரகேரளத்துல இருக்குது, 1912-ல ஆரம்பிச்சது. வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் இருக்குது. மேட்டுப்பாளையத்துல வனக்கல்லூரி. ஆழியார்நகர்ல தென்னை ஆராய்ச்சி நிலையம். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து பி.எஸ்.ஆர். மஞ்சள் இரகம் வந்துச்சு. செடியைப் பத்திப் படிக்கோணும்னு வேற வேற மாநிலத்துல இருந்து இங்க வர்றாங்க. நாம பக்கத்துலயே இருந்துட்டு, கேட்டுக்குள்ள கால் வெச்சது இல்லை.

கரும்புக் கதை ஒன்னு சொல்றேன் கேளுங்க. வடநாட்டுல கரும்பு சரியாப் பூ எடுத்து விதை வைக்காது. நம்ம கோயமுத்தூர்ல நல்லாப் பூக்கும். பூத்தாத்தானே ஒரு இரகத்தையும் இன்னொன்னையும் சேத்துப் புது இரகம் உண்டாக்க முடியும்? அதனாலதான் அந்த நிறுவனத்தை இங்க வெச்சாங்க. வெங்கட்ராமன்கிற விஞ்ஞானி, தடியா இருக்கிற நல்ல கரும்பையும், காட்டுல தானா வர்ற நாணல் மாதிரிக் கரும்பையும் சேத்து கோ 205-ங்கற இரகத்தைக் கொண்டுவந்தாரு. 1918-ல அதைப் பஞ்சாப் பக்கம் பயிர் பண்ணக் குடுத்தாங்க. அந்த 'கோ' கோயமுத்தூரோட முதல் எழுத்து. இன்னைக்கும் உத்தரப் பிரதேசத்துல நிக்கிற பல கரும்பு இரகத்துக்கு நம்ம ஊரு பேருதான் முன்னால வருது.

அந்த நிறுவனத்துல 1934-ல ஒரு அம்மா வேலைக்கு வந்தாங்க. பேரு ஜானகி அம்மாள். கேரளத்துல தலச்சேரியில 1897-ல பொறந்தவங்க. அந்தக் காலத்துலயே அமெரிக்காவுக்குப் போயி, செடியைப் பத்தியே டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்தவங்க. இங்க கரும்பையும் அதோட சாதி சனமான புல்லுகளையும் சேத்துச் சேத்துப் பாத்து ஆராய்ச்சி பண்ணுனாங்க. அப்புறம் இங்கிலாந்துல வேலை பாத்தாங்க. அங்க ஒரு மக்னோலியா பூ மரத்துக்கே அவங்க பேரை வெச்சிருக்காங்க. பிரதமர் நேரு கூப்பிட்டதால 1951-ல திரும்ப வந்து, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீர் பண்ணிக் குடுத்தாங்க. 1977-ல பத்மஸ்ரீ. சுத்தியும் ஆம்பளைங்க இருந்த ஆபீஸ்ல, தொண்ணூறு வருசத்துக்கு முன்னால ஒரு பொம்பளை செடி வேலையை உத்தியோகமாப் பாத்திருக்காங்க. நம்ம வீரகேரளத்துல!

அவங்க ரொம்பப் படிச்சவங்க, நமக்கு எப்படின்னு நினைப்பீங்க. சரி, நம்ம பக்கத்து ஊரு தேக்கம்பட்டிக்கு வருவோம். பாப்பம்மாள் பாட்டியை உங்கள்ல பல பேரு நேர்லயே பாத்திருப்பீங்க. அம்மா அப்பாவைச் சின்ன வயசுலயே இழந்து, பாட்டி வளத்துன புள்ளை. மளிகைக் கடை நடத்தி, மிச்சம் பிடிச்சு நெலம் வாங்குனாங்க. ஒன்றியத்துல கவுன்சிலராவும் இருந்தாங்க. நூறு வயசைத் தாண்டியும் ரெண்டரை ஏக்கரா இயற்கை வெள்ளாமையை நேர்ல போய்ப் பாத்துக்கிட்டாங்க. நான் அவங்ககிட்ட மெச்சறது என்னன்னா, அத்தனை வருசத்து அனுபவம் இருந்தும், வேளாண் பல்கலைக்கழகத்துல கூட்டம்னா போயி உட்கார்ந்து, விஞ்ஞானிகளோட பேசி, கேள்வி கேட்பாங்களாம். 2021-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. 2024 செப்டம்பர்ல காலமானாங்க. படிச்சவங்க ஒருத்தங்க, படிக்காதவங்க ஒருத்தங்க. ரெண்டு பேரும் செடி வேலையிலதான் பேர் எடுத்தாங்க. ரெண்டு பேருமே கேள்வி கேட்டவங்க.

இனி நம்ம கைக்கு என்ன தெரியும்னு பாப்போம். பருத்தியில வீரிய ஒட்டு விதை எப்படி எடுக்கிறாங்க தெரியுங்களா? சாயங்காலம், நாளைக்கு விரியப் போற மொட்டைப் பாத்துப் பிரிச்சு, அதுல இருக்கிற ஆண் பாகத்தைச் சூல்முடி சேதமாகாம நகத்தாலயே எடுத்துடோணும். அடுத்த நாள் காலையில வேற செடியோட பூவைக் கொண்டுவந்து அதுல தடவி மகரந்தம் சேக்கோணும். ஒவ்வொரு பூவுக்கும் இப்படி. இந்த வேலையைப் பண்றது முக்கால்வாசி பொம்பளைங்கதான். ஒரு விதை பாக்கெட்டுக்குள்ள எத்தனையோ பொம்பளைங்களோட நகம் இருக்குது. இந்த வேலைக்குப் புஸ்தகத்துல கலப்பினப் பயிர்ப்பெருக்கம்னு பேரு. நமக்கு "பூத் தொடற வேலை". பேரு மாறுனா கூலியும் மாறும்னு நான் சொல்ல வரலை. ஆனா பேரு தெரிஞ்சாத்தான் அதை ஒரு வேலையாக் கேக்க முடியும்.

சரி, நம்மளை மாதிரி முப்பது நாப்பது வயசுல இருக்கிறவங்க, வீட்டை விட்டுத் தூரம் போக முடியாதவங்க, என்ன பண்ணலாம்? நான் விசாரிச்சதுல நமக்கு ஒத்து வர்றது நாத்துப் பண்ணை.

நம்ம சுத்துப்பட்டுல தக்காளி, கத்திரி, மிளகாய், காலிபிளவர் போடாத ஊரு இல்லை. தொண்டாமுத்தூரா இருந்தாலும் கிணத்துக்கடவா இருந்தாலும் இப்ப யாரும் பாத்தியில நாத்து விடறது கொறைஞ்சு போச்சு. வீரிய இரக விதை விலை அப்படி. ஒரு விதையும் வீணாகக் கூடாதுன்னு குழித்தட்டுல வளத்துன நாத்தைத்தான் வாங்கறாங்க. ஒரு தட்டுல 98 குழி. ஒரு ஏக்கராத் தக்காளிக்கு ஆறாயிரத்துல இருந்து ஏழாயிரம் நாத்து வேணும். அதாவது எழுபது தட்டுக்குப் பக்கம்.

செய்முறை கஷ்டமில்லைங்க. ஆனா சுத்தமா இருக்கோணும். மக்க வெச்ச தென்னை நார்க்கழிவை வாங்கி, வேப்பம்புண்ணாக்கும், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியாவும் கலந்து தட்டை நிரப்பறது. தட்டு ஒன்னுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல ஆகும். குழிக்கு ஒரே விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். பத்துத் தட்டை ஒன்னு மேல ஒன்னா அடுக்கி, பாலித்தீன் தாளால மூடி வெச்சா, அஞ்சாறு நாளுக்குள்ள முளைப்பு எட்டிப் பாக்கும். முளைச்சதும் ஒரு நாள் கூடத் தாமதிக்காம எடுத்து, நிழல்வலைக்குள்ள பரப்பிடோணும். விட்டா நாத்து வெளுத்துக் கம்பி மாதிரி நீண்டு போயிடும். பூவாளியில தண்ணி, மெதுவா. வெள்ளை ஈ உள்ள வராம சுத்தியும் பூச்சி வலை கட்டோணும், ஏன்னா அதுதான் இலை சுருட்டை நோவைக் கொண்டு வருது. தக்காளி இருபத்தஞ்சு நாள், கத்திரி முப்பது முப்பத்தஞ்சு நாள், மிளகாய் முப்பத்தஞ்சு நாப்பது நாள். குடுக்கறதுக்கு முன்னால நாலஞ்சு நாள் தண்ணியைக் கொறைச்சு வெயிலுக்குப் பழக்கோணும். கொழந்தையைப் பால்வாடிக்கு அனுப்பப் பழக்கற மாதிரிதான்.

கணக்கைப் பாருங்க. செலவெல்லாம் போக நாத்து ஒன்னுக்கு ஐம்பது காசு நிக்குதுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். ஒரு ஏக்கரா நாத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அஞ்சு பேரு சேந்து மாசம் பத்து ஏக்கராவுக்கு நாத்து விட்டா, ஆளுக்கு ஏழாயிரம். காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், முறை வெச்சுப் பாத்துக்கலாம். வீட்டு வேலையும் நடக்கும். ஆனா முதல் மாசமே பத்து ஏக்கராவுக்குக் கனவு காணாதீங்க. அதை அப்புறம் சொல்றேன்.

இதுல கொஞ்சம் கை தேறுனவங்க ஒட்டுக் கட்டலாம். சுண்டைக்காய்ச் செடி வேரு மேல கத்திரியை ஒட்டுக் கட்டறாங்க. சுண்டைக்காய் வேரு வறட்சியையும் மண்ணுல இருந்து வர்ற வாடல் நோவையும் தாங்கும். வேளாண் பல்கலைக்கழகத்துல இதைச் சொல்லித் தர்றாங்க. பிளேடு பிடிக்கிற கை ஆடாம இருக்கோணும். பூத் தொடுத்துப் பழகுன நம்ம கைக்கு இது வராதுங்களா?

இடம் கொஞ்சம் இருக்கிறவங்க மத்த கன்னும் வளத்தலாம். நம்ம காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் செங்காம்பு கருவேப்பிலைக்கு எப்பவும் கேட்டு வருவாங்க. அந்தப் பழம் பழுத்த உடனே சதையைக் கழுவிட்டு விதைச்சுடோணும். காய வெச்சு அடுத்த மாசம் போடலாம்னா முளைக்காது. முருங்கையில பி.கே.எம். 1 விதையில வரும், மூலனூர் மர முருங்கைக்கு போத்துதான் வெட்டி நடோணும். பொள்ளாச்சிப் பக்கத்து அக்காமாருங்க தென்னங்கன்னுல கெட்டிக்காரங்க. அஞ்சு மாசம் ஆகியும் முளைக்காத நெத்தை எடுத்து வெளிய போட்டுடோணும். கழுத்துப் பக்கம் பத்து சென்டிமீட்டர் சுத்தளவு, ஆறு ஓலை, அதுல ஓலை சீக்கிரம் பிரிஞ்சிருக்கோணும். அதுதான் நல்ல கன்னு. அந்தப் பக்கம் 2016-ல இருந்து தென்னையில சுருள் வெள்ளை ஈ வந்து பாடாப் படுத்துது. அதைத் திங்கற பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியை வளத்துத் தோப்புல விடறதும் ஒரு வேலைதானுங்க. வீட்டுக்குள்ள இருந்தே பண்ணலாம்.

டவுனுக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் திசு வளர்ப்புக் கூடங்கள்ல வேலை இருக்குது. வாழைக் கட்டையில இருந்து சின்னத் துணுக்கு எடுத்து, கண்ணாடிப் பாட்டிலுக்குள்ள வளத்தற வேலை. கை சுத்தமும் பொறுமையும்தான் முதல் தகுதி. மாடித்தோட்டம் போட்டுக் குடுக்கிறது, ஆபீஸு, ஆஸ்பத்திரியில செடி பராமரிக்கிறது, இதுக்கும் இப்ப ஆள் தேடறாங்க.

இப்ப ஒரு கசப்பான விசயம். போன வருசத்துக்கு முன் வருசம் எங்க குழுவுல நாலு பேரு முப்பது சென்ட்டு குத்தகைக்குப் பிடிச்சு, முந்நூறு பப்பாளிக் கன்னு வெச்சோம். கன்னு குடுத்த நர்சரிக்காரர், "எல்லாமே காய்க்கற கன்னுங்க"ன்னு அடிச்சுச் சொன்னாரு. என்ன இரகம்னு கேட்டோம், ஏதோ ஒரு பேரு சொன்னாரு. பில்லு கேட்டோம், நாளைக்கு வாங்கிக்கலாம்னாரு. அஞ்சாம் மாசம் பூத்த பொறகு எண்ணிப் பாத்தா, நூத்தி நாப்பது மரம் ஆண் மரம். தண்ணியும் எருவும் தின்ன மரத்தை நாங்களே வெட்டிச் சாய்ச்சோம். திரும்பப் போய்க் கேட்டதுக்கு, "இது எங்க கன்னுதான்னு என்ன அத்தாட்சி"ன்னுட்டாரு. குழுக் கடன் தவணையை நாலு பேரும் கூலி வேலைக்குப் போய்த்தான் கட்டுனோம்.

அதுக்கு அப்புறம் விசாரிச்சதுலதான் தெரிஞ்சுது. பப்பாளியில சில இரகத்துல ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதையிலயோ கன்னுலயோ பாத்துச் சொல்ல முடியாது, பூத்தாத்தான் தெரியும். அதனால குழிக்கு ரெண்டு மூணு கன்னு வெச்சு, பூத்த பொறகு ஆண் மரத்தை எடுத்துட்டு, இருபது பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் விடுவாங்க. கோ 7 மாதிரி இரகத்துல ஆண் மரமே வராது. பெண் மரமும் இருபால் பூ மரமும்தான், எல்லாம் காய்க்கும். இந்த ஒரு விசயத்தோட விலை எங்க நாலு பேருக்கும் ஒரு வருச உழைப்பு. இதைத்தான் நான் முன்னால சொன்னேன், தெரிஞ்ச விசயத்துக்குத்தான் சம்பளம்னு.

அதனால நாம நாத்துப் பண்ணை வெச்சா எப்படி வெக்கோணும்? விதை விக்கிறதுக்கு உரிமம் வேணும்ங்கற மாதிரியே நாத்து விக்கிறதுக்கும் உரிமம் வேணும். விதைச்சான்றுத் துறையோட விதை ஆய்வாளரைப் பாத்தா சொல்லுவாங்க. எந்தக் கம்பெனி விதை, எந்த இரகம், எந்த லாட்டு, எந்தத் தேதி விதைச்சது, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி, வாங்கறவங்களுக்கு பில்லு குடுக்கோணும். குழுவுல தீர்மான நோட்டு எழுதிப் பழகுன நமக்கு இது பெரிய காரியமே இல்லை. பில்லு குடுக்கிற நர்சரிங்கற பேரே நமக்கு விளம்பரம்.

எங்க கத்துக்கிறது? காரமடை விவேகானந்தபுரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்குது. ஈரோடு மாவட்டத்துக்காரங்களுக்குக் கோபியில இருக்குது. குழுவாப் போயி எழுதிக் குடுத்தா, என்ன பயிற்சி எப்பன்னு சொல்லுவாங்க. வேளாண் பல்கலைக்கழகத்துலயே தொலைதூரக் கல்வி மூலமாத் தமிழ்ல ஆறு மாசச் சான்றிதழ் படிப்புகள் நடத்தறாங்க. நாற்றங்கால் தொழில்நுட்பமும் அதுல ஒன்னு. நம்மளை மாதிரி குறைஞ்ச படிப்புக்காரங்களும் சேரலாம். மாசம் ஒரு நாள் நேர்ல வகுப்பு. அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் வங்கியில குடுத்துக் கடன் கேக்கறதுக்கும், சும்மா போய்க் கேக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்களா இல்லீங்களா, மேலாளர் சாரே சொல்லட்டும்.

இனி நம்ம பொண்ணுங்களைப் பத்தி. இதைத் தாய்மாருங்க கவனமாக் கேளுங்க. அக்ரி படிக்கிற முடிவைப் பிளஸ் டூ முடிச்சு எடுக்கறது இல்லை, பத்தாவது ரிசல்ட்டு வந்த வாரமே எடுக்கறதுங்க. பதினொன்னாவதுல உயிரியல் இருக்கிற பிரிவு எடுக்கோணும், இல்லைன்னா தொழிற்பிரிவுல வேளாண் அறிவியல் எடுக்கோணும். "எந்த குரூப்பு கிடைச்சாலும் பரவால்லை"ன்னு சேத்துவிட்டா, அந்தக் கதவு அங்கயே சாத்திக்கும்.

பிளஸ் டூ முடிச்சா நாலு வருசப் பட்டப்படிப்பு. வேளாண்மை, தோட்டக்கலைன்னு பல பிரிவு. வனவியலும் பட்டு வளர்ப்பும் மேட்டுப்பாளையத்துலயே இருக்குது. பொண்ணுங்களுக்குன்னே தோட்டக்கலைக் கல்லூரி திருச்சி நாவலூர் குட்டப்பட்டுல இருக்குது. நாலு வருசம் முடியாதுன்னா ரெண்டு வருச டிப்ளமோ. அதை முடிச்சவங்கதான் உதவி வேளாண்மை அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலர் வேலைக்கு வர்றாங்க. பட்டம் முடிச்சவங்க வேளாண்மை அலுவலர் ஆகலாம், பேங்குல விவசாயக் கடன் அதிகாரி ஆகலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம்.

செலவுக்கு பயப்படாதீங்க. அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைங்களுக்கு வேளாண்மைப் படிப்புலயும் 7.5 சதவீத இடம் 2021-ல இருந்து தனியா இருக்குது. அதுல இடம் கிடைச்சா படிப்புக் கட்டணத்தை அரசாங்கமே கட்டுது. அது போக, அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் படிச்ச பொண்ணு கல்லூரிக்குப் போனா, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய். எங்க மாமியாருக்கு இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "அப்ப அவ வந்து நம்ம காட்டைப் பாத்து, என்ன மருந்து அடிக்கோணும்னு சீட்டு எழுதுவாளா?"ன்னாங்க. ஆமாங்க அத்தைன்னேன். "அப்பச் சரி"ன்னுட்டாங்க.

நல்லதை மட்டும் சொல்லிட்டு உக்காந்தா அது சரியா இருக்காது. செடி வேலைக்கு லீவு இல்லை. ஊருல கல்யாணம்னாலும், மாரியம்மன் நோம்பின்னாலும் நாத்துக்குத் தண்ணி விட்டே ஆகோணும். சித்திரை வெயில்ல ஒரு வேளை தவறுனா தட்டோட காஞ்சுடும். தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்கு விழுந்த வாரம் நாத்து கேட்டு ஒருத்தரும் வரமாட்டாங்க. முப்பது நாளைத் தாண்டுன தக்காளி நாத்தை யாரும் வாங்கமாட்டாங்க, குப்பைக்குத்தான் போகும். கோழித் தீவனத்தையாவது அடுத்த மாசம் விக்கலாம், நாத்தை விக்க முடியாது. போர்ல தண்ணி இருக்கிறதைப் பாத்துட்டுத்தான் இறங்கோணும். உப்புத் தண்ணியா இருந்தா முதல்ல பரிசோதனைக்குக் குடுக்கோணும்.

அதனாலதான் சொல்றேன், முதல்ல பயிற்சி. அப்புறம் அஞ்சு பேரு, இருபது தட்டு. விதைக்கறதுக்கு முன்னாலயே நம்ம ஊரு விவசாயிங்ககிட்டப் போய் ஆர்டரும் முன்பணமும் வாங்கோணும். முன்பணம் வராத நாத்தை விதைக்கக் கூடாது. மூணு தடவை நல்லா வந்த பொறகு நிழல்வலைக்குக் கடன் கேப்போம்.

கூட்டமைப்புக்கு என்னோட வேண்டுகோள் மூணு. ஒன்னு, ஒவ்வொரு குழுவுல இருந்தும் ஒருத்தரையாவது நாத்துப் பண்ணைப் பயிற்சிக்கு அனுப்பத் தீர்மானம் போடோணும். போயிட்டு வந்தவங்க மத்த குழுக்களுக்குச் சொல்லித் தரோணும். அப்படிச் சொல்லித் தர்ற நாளுக்குக் கூட்டமைப்பு அவங்களுக்குச் சம்பளம் குடுக்கோணும். சும்மா வந்து சொல்லிட்டுப் போன்னு சொல்லக் கூடாதுங்க. நம்மளே நமக்குக் குடுக்கலைன்னா வேற யாரு குடுப்பாங்க?

ரெண்டு, பத்தாவது ரிசல்ட்டு வர்றதுக்கு முன்னால, பொண்ணுங்களையும் தாய்மாரையும் ஒரு நாள் வேன் வெச்சு வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் வனக்கல்லூரிக்கும் கூட்டிட்டுப் போகோணும். வெள்ளைக் கோட்டுப் போட்ட பொண்ணுங்க அங்க நிக்கிறதை நம்ம பொண்ணுங்க கண்ணால பாக்கோணும்.

மூணு, நாம வாங்கற கன்னுக்கெல்லாம் இனிமே பில்லு இல்லாம வாங்கறது இல்லைன்னு எல்லாக் குழுவும் முடிவு பண்ணோணும்.

1989-ல தருமபுரியில முதன்முதலாக் குழு ஆரம்பிச்சப்ப, பொம்பளைங்க பேங்குக்குள்ள போறதா, கையெழுத்துப் போடறதான்னு கேட்டாங்க. இன்னைக்கு நாம மேலாளரைக் கூட்டிட்டு வந்து மேடையில உக்கார வெச்சிருக்கிறோம். செடி வேலையிலயும் அது நடக்குமுங்க. அடுத்த ஆண்டு விழாவுக்கு வர்றப்ப, வரவேற்புல குடுக்கிற செடி நம்ம குழு நாத்துப் பண்ணையில இருந்து, பில்லோட வந்ததா இருக்கோணும்னு ஆசைப்படறேன்.

 பயிற்சிக்குப் பேரு குடுக்கிறவங்க மதியச் சாப்பாட்டுக்கு முன்னால எங்கிட்ட வாங்க. நோட்டு கையிலதான் இருக்குது. முதல் பேரா என் பேரை எழுதிட்டேன்.